எஃப்டிஸ்க் காட்டும் வகையை நம்பலாமா? ரெய்டு, லக்ஸ் பார்டிஷன்களை அடையாளம் காண்பது

ஜூன் 4, மாலை – கேள்வி

அண்ணா, எங்கள் ஸ்டூடியோ நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) போன வாரம் உயிரை விட்டுவிட்டது. பவர் விளக்குகூட எரியவில்லை. உள்ளே இருந்த இரண்டு 4 டிபி வட்டுகளையும் கழற்றி லினக்ஸ் மடிக்கணினியில் மாட்டினேன். வட்டின் பிரிவுகளைப் பட்டியல் போடும் எஃப்டிஸ்க் ஒவ்வொன்றிலும் மூன்று பார்டிஷன் காட்டுகிறது, மூன்றுக்கும் ‘லினக்ஸ் ரெய்டு’ (பல வட்டுகளை ஒன்றாக இயக்கும் முறை) என்கிறது. மவுண்ட் செய்தால் ‘தெரியாத கோப்பு முறைமை: லினக்ஸ்_ரெய்டு_மெம்பர்’ என்று நிற்கிறது. மூன்றாவதாக முதலாளியின் யூஎஸ்பி வட்டு. அதை லினக்ஸில் கடவுச்சொல் போட்டுத்தான் பயன்படுத்தினேன் என்கிறார். எஃப்டிஸ்க் அதில் ‘மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு’ என்று 16 எம்பி பார்டிஷன் ஒன்றை மட்டும் காட்டுகிறது. அப்படியென்றால் அது விண்டோஸ் வட்டுதானே? ரெய்டு என்று வகை போட்டிருப்பதால் மற்ற இரண்டையும் எம்டிஆட்ம் (லினக்ஸில் ரெய்டைக் கையாளும் கருவி) கிரியேட் கொடுத்துச் சேர்த்துவிடலாமா? எல்லாம் கல்யாண ஆல்பங்கள்.

ஜூன் 4, இரவு

கிரியேட் கொடுக்காதே. எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். கிரியேட் என்பது இருப்பதைச் சேர்ப்பதில்லை, புதிய சூப்பர்பிளாக் (ரெய்டின் அமைப்பை வட்டில் குறித்து வைக்கும் பகுதி) எழுதுவது. பழைய அமைப்பு என்ன என்பதற்கான ஒரே சாட்சி அந்தப் பழைய சூப்பர்பிளாக்தான். அதன் மேலேயே எழுதிவிட்டால் பிறகு ஊகம்தான் மிஞ்சும். இருப்பதைச் சேர்க்கும் கட்டளை அசெம்பிள். அதற்கும் இன்னும் நேரம் வரவில்லை.

எஃப்டிஸ்க் காட்டும் வகை, டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. ஒட்டியவர் சரியாக ஒட்டியிருந்தால் சரி. உள்ளே இருப்பது என்ன என்று எஃப்டிஸ்க் திறந்து பார்த்துச் சொல்வதில்லை, பார்டிஷன் அட்டவணையில் உள்ள எண்ணைப் படித்துப் பெயராக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவே. பழைய எம்பிஆர் அட்டவணையில் அது ஒரே ஒரு பைட்: 83 என்றால் லினக்ஸ், எஃப்டி என்றால் லினக்ஸ் ரெய்டு ஆட்டோடிடெக்ட். அதற்குப் பின் வந்த ஜிபிடி அட்டவணையில் 16 பைட் நீள அடையாளம். எதை வேண்டுமானாலும் யாரும் மாற்றலாம், உள்ளே ஒரு பைட்கூட அசையாது.

எஃப்டி எண்ணுக்கு ஒரு காலத்தில் உண்மையான வேலை இருந்தது. லினக்ஸின் ரெய்டு இயக்கியான எம்டி கர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருந்து, பார்டிஷன் எஃப்டி வகையாகவும் சூப்பர்பிளாக் 0.90 வடிவமாகவும் இருந்தால், கர்னலே பூட் ஆகும்போது ரெய்டைச் சேர்த்துவிடும். இப்போது எம்டிஆட்ம் உருவாக்கும் வழக்கமான வடிவம் 1.2. அதற்கு இந்த வசதி கிடையாது. சேர்ப்பதெல்லாம் பூட்டின் தொடக்கத்தில் ஓடும் எம்டிஆட்ம் நிரலின் பொறுப்பு, அது வகை எண்ணைப் பார்ப்பதில்லை, கையொப்பத்தை, அதாவது உள்ளே இருப்பது என்ன என்று காட்டும் முத்திரை பைட்களைப் பார்க்கிறது. நீயும் கையொப்பத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 4, இன்னும் கொஞ்சம் தள்ளி

முதலில் இதைச் செய். பிளாக்டெவ் கட்டளையில் செட்ஆர்ஓ கொடுத்து மூன்று வட்டையும் வாசிக்க மட்டும் என்று பூட்டு. பார்டிஷன்களுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும், வட்டுக்குக் கொடுத்தால் போதும் என்று விட்டுவிடாதே. அப்புறம் ப்ராக் கோப்புறையில் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பார். எம்டி127 என்று ஏதாவது வந்திருக்கிறதா? வட்டை மாட்டியதுமே யூடெவ் (புதிய சாதனங்களைக் கவனிக்கும் லினக்ஸ் நிரல்) விதிகள் ரெய்டைத் தானாகச் சேர்க்கப் பார்க்கும். வேறு இயந்திரத்தின் ரெய்டு என்றால் எண் 127இலிருந்து கீழே இறங்கும். பாதி வட்டு மட்டும் இருந்தாலும், பல விநியோகங்களில் 30 விநாடி காத்திருந்துவிட்டு ‘இருப்பதை வைத்து ஓட்டு’ என்று ஓட்டிவிடும் டைமர் ஒன்று உண்டு. அப்படி ஓடிக்கொண்டிருந்தால் எம்டிஆட்ம் ஸ்டாப் கொடுத்து நிறுத்து.

ஜூன் 5, காலை

நேற்று ‘சீட்டுதான்’ என்று சொன்னதற்கு ஒரு வரம்பு உண்டு. ஜிபிடி வகையை உண்மையாகவே படித்து நடப்பவர்களும் இருக்கிறார்கள். கணினியைத் தொடக்கும் யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் தன் பூட் பார்டிஷனை வகை வைத்துத்தான் தேடுகிறது. லினக்ஸ் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, ரூட், ஹோம், ஸ்வாப் பார்டிஷன்களை வகை பார்த்துத் தானாக மவுண்ட் செய்யும். விண்டோஸும் எதற்கு டிரைவ் எழுத்து கொடுப்பது என்பதை அதை வைத்து முடிவு செய்கிறது. ஆகவே புதிதாக வட்டு தயாரிக்கும்போது வகையைச் சரியாகப் போடுவது நல்லது. யாரோ விட்டுப்போன வட்டை ஆராயும்போது மட்டும் அதைச் சாட்சியாக எடுக்கக் கூடாது.

ஜூன் 5, மதியம்

கையொப்பம் பார்க்கும் வழிகள்.

முதலில் எல்எஸ்பிஎல்கே எஃப் விருப்பத்துடன். ஒரே பார்வையில் மரம் மாதிரி எல்லாம் தெரியும். அடுத்து பிஎல்கேஐடி. இதை ரூட் உரிமை இல்லாமல் ஓட்டினால் பழைய சேமிப்பிலிருந்து எடுத்துப் பதில் சொல்லலாம், ஆகவே சுடோ போட்டு, பி விருப்பத்துடன் ஓட்டு. அப்போதுதான் வட்டையே நேராகத் துருவிப் பார்க்கும்.

எனக்கு மிகப் பிடித்தது வைப்எஃப்எஸ். பெயரைப் பார்த்தால் அழித்துவிடுமோ என்று பலர் கிட்டேயே போவதில்லை. எந்த விருப்பமும் கொடுக்காமல் ஓட்டினால் அது பட்டியல் மட்டும்தான் போடும். ஏ என்ற விருப்பத்தையோ ஓ என்ற விருப்பத்தையோ கைதவறிக்கூடச் சேர்த்துவிடாதே, அவை இரண்டும் அழிப்பவை. இந்தப் பட்டியலில் மற்ற கருவிகள் மறைக்கும் ஒன்று இருக்கிறது: கையொப்பம் எந்த இடத்தில் கிடைத்தது என்ற எண். ரெய்டு விஷயத்தில் அந்த இடம்தான் வடிவத்தையே சொல்லிவிடும். 0எக்ஸ்1000, அதாவது 4096ஆவது பைட்டில் இருந்தால் 1.2. பூஜ்யத்தில் இருந்தால் 1.1. பெரிய எண்ணாக, பார்டிஷனின் வால் பக்கத்தில் இருந்தால் 1.0 அல்லது 0.90.

கண்ணால் பார்க்க ஆசையென்றால் ஹெக்ஸ்டம்பில் 4096 பைட் தள்ளி முதல் வரியைப் பார்: எஃப்சி 4ஈ 2பி ஏ9, அடுத்து 01 00 00 00. முதல் நான்கு எம்டியின் முத்திரை, அடுத்தது வடிவ எண். 0.90இல் மட்டும் ஒரு சங்கதி. அது எழுதிய இயந்திரத்தின் பைட் வரிசையிலேயே இருக்கும். பவர்பிசி சில்லு வைத்த பழைய நாஸ் பெட்டிகள் ஏ9 2பி 4ஈ எஃப்சி என்று திருப்பி எழுதியிருக்கும், நம் மடிக்கணினிக்கு அது ரெய்டாகவே தெரியாது. அசெம்பிளில் அப்டேட் பைட்ஆர்டர் என்ற விருப்பம் அதற்காகவே இருக்கிறது. ஆனால் அது வட்டில் எழுதும், நகலில்தான் செய்ய வேண்டும்.

ஜூன் 6

நீ அனுப்பிய பட்டியல் பார்த்தேன். முதல் இரண்டு பார்டிஷன் 0.90, மூன்றாவது 1.2. நாஸ் பெட்டிகளில் இப்படி அடிக்கடி வரும். முதலாவது பெட்டியின் இயங்குதளம், இரண்டாவது ஸ்வாப், இரண்டும் எல்லா வட்டுகளிலும் பிரதியாக இருக்கும். உன் ஆல்பங்கள் மூன்றாவதில். சின்னது இரண்டையும் தொடவே வேண்டாம்.

இப்போது மூன்றாவதுக்கு எம்டிஆட்ம் எக்ஸாமின். இரண்டு வட்டுக்கும் ஓட்டி, முழு வெளியீட்டையும் அப்படியே போடு. படம் பிடித்து அனுப்பாதே, எழுத்தாக அனுப்பு.

ஜூன் 6, இரவு

நல்லவேளை, கிரியேட் கொடுக்கவில்லை. இதைப் பொறுமையாகப் படி.

அரே யூயூஐடி இரண்டிலும் ஒன்றே, ரெய்டு லெவல் 1 (ஒன்றின் பிரதி இன்னொன்று), சாதனங்கள் 2. இதுவரை சரி. அப்டேட் டைம் என்ற வரியைப் பார். ஒன்று போன வாரம், பெட்டி போன அன்று. இன்னொன்று கடந்த நவம்பர். ரெய்டில் மாற்றம் நிகழும்போது ஏறும் ஈவென்ட்ஸ் எண்ணும் அதேபோல வெகுதூரம் பிரிந்திருக்கிறது. அரே ஸ்டேட் வரியில் புதிய வட்டு ‘ஏ.’ என்கிறது, அதாவது ஒன்று இருக்கிறது, ஒன்று காணோம். நவம்பர் வட்டு ‘ஏஏ’ என்கிறது, இரண்டும் நலம். அது பொய் சொல்லவில்லை. அது கழன்று விழுந்த நொடிக்குப் பிறகு அதன் சூப்பர்பிளாக்கை யாரும் புதுப்பிக்கவில்லை, கடைசியாகப் பார்த்த காட்சியையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆக, நவம்பரிலிருந்தே உங்கள் பெட்டி ஒற்றை வட்டில் ஓடியிருக்கிறது. தை மாதக் கல்யாணங்கள் எதுவும் நவம்பர் வட்டில் இருக்காது. எக்ஸாமின் பார்க்காமல் கிரியேட் கொடுத்து, நவம்பர் வட்டு முதலாவதாக நின்றிருந்தால், அதிலிருந்து எடுத்துப் புதியதன் மேல் முழுவதும் எழுதியிருக்கும்.

புதிய வட்டை மட்டும் வைத்துக்கொள். ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ வைத்து முழு நகல் எடு. நகலை லூப் சாதனமாக்கி (கோப்பையே வட்டு மாதிரி காட்டுவது) அதில் அசெம்பிள், கூடவே ரீட்ஒன்லி, ரன். ரன் இல்லாவிட்டால் பாதி ரெய்டு எழும்ப மறுக்கலாம்.

ஜூன் 7

1.0 வடிவம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், வால் பக்கம் சூப்பர்பிளாக் இருப்பதில் என்ன ஆபத்து என்று. இது எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1.0இல் சூப்பர்பிளாக் கடைசி 8 கேபிக்கும் 12 கேபிக்கும் இடையில் எங்கோ இருக்கும். 0.90இல் கடைசி 64 கேபி கட்டத்தில். இரண்டிலும் பார்டிஷனின் தலைப்பகுதி முழுக்க முழுக்கக் கோப்பு முறைமைக்கே சொந்தம். ஆகவே ரெய்டு 1இன் ஒரு பாதியை முன்னாலிருந்து பார்த்தால் அச்சு அசலாக ஈஎக்ஸ்டி4 அல்லது ஃபேட் மாதிரியே இருக்கும், மவுண்டும் ஆகும். இதை ஒரு வசதியாகவே பயன்படுத்துகிறார்கள். யூஈஎஃப்ஐ பூட் பார்டிஷனை 1.0இல் பிரதி எடுத்து வைத்தால் ஃபர்ம்வேருக்கு அது சாதாரண ஃபேட்டாகத் தெரியும்.

நான் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அச்சகத்தில் கணக்குக் கோப்புகள் இப்படியொரு பிரதியில் இருந்தன. வெளியிலிருந்து வந்த ஒருவர் மீட்பு யூஎஸ்பியில் பூட் செய்து, ஒரு பாதியை மட்டும் ஈஎக்ஸ்டி4 என்று வகை கொடுத்து மவுண்ட் செய்து, சில கோப்புகளைத் திருத்திவிட்டுப் போய்விட்டார். எம்டிக்கு அந்தச் சங்கதியே தெரியாது. இரண்டு பாதியிலும் ஈவென்ட்ஸ் எண் ஒன்றே, இரண்டும் நலம் என்று ரெய்டு எழுந்து நின்றது. அதன் பிறகு ஒரே லெட்ஜர் ஒருமுறை திறந்தால் பழைய தொகை, இன்னொருமுறை திறந்தால் புதிய தொகை. எந்த வட்டிலிருந்து வாசிப்பு போகிறதோ அதைப் பொறுத்தது. கணக்கர் பாவம், தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்தார். இரண்டு பாதியையும் ஒப்பிட, எம்டியின் சிங்க்_ஆக்ஷன் கோப்பில் செக் என்று எழுதி ஓட்டிப் பார்த்தபோது மிஸ்மேட்ச்_சிஎன்டி (பொருந்தாத இடங்களின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனதும்தான் விஷயம் புரிந்தது.

கோப்பு முறைமை தெரிகிறதே என்று உடனே மவுண்ட் செய்யக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். தலையைப் பார்த்த பிறகு வாலையும் பார்க்க வேண்டும். இன்டெல் மதர்போர்டு ரெய்டின் குறிப்பும் வட்டின் கடைசியில்தான் இருக்கிறது.

ஜூன் 7, இரவு

0.90 பற்றி இன்னொன்று, மேலே விட்டுப்போனது. கடைசிப் பார்டிஷன் வட்டின் விளிம்புவரை போனால், முழு வட்டின் வாலும் அந்தப் பார்டிஷனின் வாலும் ஒரே 64 கேபி கட்டத்தில் விழலாம். அப்போது ஒரே சூப்பர்பிளாக் ‘நான் எஸ்டிபி’ (முழு வட்டு) என்றும் ‘நான் எஸ்டிபி2’ (பார்டிஷன்) என்றும் இரண்டு பெயரில் தோன்றும். 1.0க்கு இந்தக் குழப்பம் வராது, தான் இருக்கும் இடத்தையே அது உள்ளே எழுதி வைத்திருக்கிறது.

ஜூன் 9

ரெய்டு எழுந்துவிட்டது என்றாய், மகிழ்ச்சி. மவுண்ட் ஆகவில்லையே என்று பதற வேண்டாம், நீ திறந்தது வெளிக்கதவு. சேர்ந்த எம்டி சாதனத்தின் மேல் மறுபடி வைப்எஃப்எஸ் ஓட்டு, அடுத்த அடுக்கின் கையொப்பம் வரும். நீ போட்டதில் எல்விஎம்2_மெம்பர் என்று வருகிறது, எல்விஎம் என்பது வட்டு இடத்தைப் பகுதிகளாகப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு. இரண்டாவது செக்டாரில் ‘லேபிள்ஒன்’ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும், எல்விஎம்மின் முத்திரை அது. விஜிசேஞ்ச் கொடுத்து உயிர்ப்பித்தால் உள்ளே ஈஎக்ஸ்டி4ஓ பிடிஆர்எஃப்எஸ்ஸோ இருக்கும். ஈஎக்ஸ்டி4 என்றால் ஆர்ஓ, நோலோட் இரண்டும் சேர்த்து மவுண்ட் செய். பெட்டி திடீரென்று போனதால் ஜர்னல் முடிக்கப்படாமல் இருக்கும். நோலோட் இல்லையென்றால் அதை முடிக்க எழுதப் பார்த்து, வாசிக்க மட்டுமான சாதனம் என்பதால் மவுண்டே தோற்கும்.

ஏதாவது ஒரு கோப்புறைக்குள் பெயர்களெல்லாம் ‘ஈகிரிப்ட்எஃப்எஸ்’ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தொடங்கி நீளமாக இருந்தால், அது கோப்புறை அளவில் குறியாக்கம் செய்தது. பார்டிஷனின் எந்தக் கையொப்பமும் அதைக் காட்டிக்கொடுக்காது.

ஜூன் 10

முதலாளி வட்டுக்கு வருவோம். 16 எம்பி மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு, வேறு ஒன்றுமே இல்லை. இது விண்டோஸ் வட்டின் முகம் இல்லை. விண்டோஸ் 10இல் வட்டை மாட்டி ‘இனிஷியலைஸ் செய்யவா’ என்று கேட்டதற்கு யாரோ ஜிபிடி என்று சரி கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பின் எதுவும் செய்யவில்லை. உண்மையில் பயன்பட்ட விண்டோஸ் வட்டாக இருந்தால் அடுத்து ஒரு பெரிய தரவுப் பார்டிஷன் இருந்திருக்கும். விண்டோஸின் குறியாக்கமான பிட்லாக்கர் போட்டதாக இருந்தால் அந்தப் பார்டிஷனின் மூன்றாவது பைட்டிலிருந்து ‘-எஃப்விஈ-எஃப்எஸ்-’ என்று ஆங்கிலத்தில் தெரியும்.

முதலாளி சொல்வதே சரியாக இருக்கலாம். அவரிடம் மறதிப் பட்டம் கட்டாமல் இரண்டு விஷயம் கேள்: பார்டிஷன் போடாமல் முழு வட்டையும் குறியாக்கம் செய்தாரா, எந்த ஆண்டு?

ஜூன் 11

முதலாளி சொன்ன பதில்: முழு வட்டு, 2021, உபுண்டு. அப்படியானால் பெரும்பாலும் லக்ஸ்2 (லினக்ஸின் வட்டுக் குறியாக்க முறையான லக்ஸின் இரண்டாம் வடிவம்). லக்ஸைக் கையாளும் கருவியான கிரிப்ட்செட்டப் 2.1 வெளியான 2019இலிருந்து அதுதான் இயல்பு வடிவம். இது நமக்கு நல்ல செய்தி, ஏன் என்று சொல்கிறேன்.

லக்ஸ் வட்டின் முதல் ஆறு பைட்: ‘லக்ஸ்’ என்பதன் நான்கு ஆங்கில எழுத்து, பிறகு பிஏ பிஈ. அடுத்த இரண்டு பைட் 00 01 என்றால் லக்ஸ்1, 00 02 என்றால் லக்ஸ்2. பூஜ்யத்தில் தொடங்கும் இந்த முத்திரையை ஜிபிடியின் பாதுகாப்பு எம்பிஆர் தின்றுவிட்டது. ஜிபிடி முதல் செக்டாரோடு நிற்காது, 512 பைட் செக்டார் என்றால் 34 செக்டார், அதாவது 17408 பைட் வரை எழுதும். லக்ஸ்1 என்றால் இங்கேயே கதை முடிந்தது. சாவியைக் கணக்கிடத் தேவையான உப்பு (கடவுச்சொல்லோடு கலக்கும் சீரற்ற பைட்கள்), சுற்று எண்ணிக்கை எல்லாம் அந்த முதல் 592 பைட்டில்தான்.

லக்ஸ்2 தலைப்பை இரண்டு பிரதியாக வைக்கிறது. ஒவ்வொன்றும் 16 கேபி: முதல் 4 கேபி இருமப் பகுதி, மீதி 12 கேபி ஜேசன் (அமைப்பு விவரங்களை எழுத்தாகக் குறிக்கும் வடிவம்) எழுத்து. முதல் பிரதி 0 முதல் 16383 வரை, ஜிபிடி அதை முழுதாக அழித்துவிட்டது. இரண்டாவது 16384இல் தொடங்குகிறது, அதன் முத்திரை திருப்பிப் போட்ட எழுத்துகள், எஸ்கேயூஎல். ஜிபிடி 17408 வரை வருவதால் அந்த முத்திரையும் போச்சு. அதனால் கிரிப்ட்செட்டப் ரிப்பேர் ‘இது லக்ஸ் இல்லை’ என்றே சொல்லும். ஆனால் இரண்டாவது ஜேசன் 20480இல் தொடங்குகிறது. சாவிப் பகுதி 32768இல் தொடங்குகிறது. இரண்டையும் ஜிபிடி தொடவில்லை.

ஹெக்ஸ்டம்பில் 20480 தள்ளிப் பார். நெளி அடைப்புக்குறி, பிறகு ‘கீஸ்லாட்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா?

ஜூன் 11, பத்து நிமிடம் கழித்து

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கெல்லாம் 512 பைட் செக்டாருக்கு. சில யூஎஸ்பி டாக்குகள் வட்டை 4096 பைட் செக்டாராக மாற்றிக் காட்டும். அப்படி ஒன்றில் வைத்து இனிஷியலைஸ் செய்திருந்தால் ஜிபிடி 24576 வரை எழுதியிருக்கும், ஜேசனின் முதல் 4 கேபியும் போயிருக்கும். எஃப்டிஸ்கின் ‘லாஜிக்கல் செக்டார்’ எண்ணைப் பார்த்துச் சொல். சாட்டாவில் பயன்பட்ட வட்டை அந்த மாதிரி டாக்கில் மாட்டினால் பார்டிஷனே இல்லாத மாதிரி தெரிவதும் இதனால்தான், வட்டு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

ஜூன் 12

லாஜிக்கல் செக்டார் 512, ‘கீஸ்லாட்ஸ்’ தெரிகிறது. எனக்கே கை நடுங்குகிற அளவுக்குச் சந்தோஷம்.

முழு நகல் எடுத்து நகலில் மட்டும் இதைச் செய். ஒரு சிறிய கோப்பில் கிரிப்ட்செட்டப் வைத்துப் புதிய லக்ஸ்2 உருவாக்கி அதன் முதல் 4 கேபியை எடு. அதன் பின்னால் உன் வட்டின் 20480இலிருந்து 12 கேபி ஜேசனை ஒட்டு. தலைப்பில் உள்ள செக்சம் (சரிபார்ப்பு எண்) இப்போது பொருந்தாது. அந்த இடத்தைப் பூஜ்யமாக்கி 16 கேபி முழுவதற்கும் எஸ்எச்ஏ-256 கணக்கிட்டு அங்கே எழுது. இருமப் பகுதியிலும் உப்பு என்று ஒரு புலம் இருக்கிறது, அது கடவுச்சொல்லோடு சம்பந்தப்பட்டதில்லை. கடவுச்சொல்லுக்கான உப்பு ஜேசனுக்குள் பத்திரமாக இருக்கிறது. இந்த 16 கேபியை நகலின் தொடக்கத்தில் எழுதி லக்ஸ்டம்ப் பார்.

ஜூன் 13

நடுவில் வந்த கேள்வி: எந்தக் கையொப்பமும் இல்லாமல் ‘டேட்டா’ என்று மட்டும் வந்தால்?

முழுக்கப் பூஜ்யமா, சிதறலா என்று முதலில் பார். பூஜ்யம் என்றால் காலியாகவோ எஸ்எஸ்டி டிரிம் செய்ததாகவோ இருக்கலாம். முதல் பைட்டிலிருந்தே ஒழுங்கில்லாத சிதறல் என்றால் வெராகிரிப்ட், தலைப்பில்லாத டிஎம்-கிரிப்ட், அல்லது யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் பலகையே குறியாக்கம் செய்யும் வகை. வெராகிரிப்ட் அடையாளம் தெரியக் கூடாது என்றே வடிவமைக்கப்பட்டது. முதல் 64 பைட் உப்பு, மீதி எல்லாம் மறைப்பு. கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்து பார்ப்பதுதான் ஒரே சோதனை. பெட்டி வகை என்றால் அதே பெட்டியில் திரும்ப வைத்தால் திறக்கும்.

ஒரு துண்டை ஜிஜிப் செய்து சுருங்காவிட்டால் குறியாக்கம் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். ஜேபெக்கும் சுருங்காது! உன் மாதிரி போட்டோ வட்டில் இந்தச் சோதனை ஏமாற்றும். அங்கங்கே எஃப்எஃப் டி8 எஃப்எஃப், ‘எக்ஸிஃப்’ என்று கண்ணில் பட்டால் அது திறந்த தரவு, கோப்பு முறைமை மட்டும்தான் போயிருக்கிறது.

ஜூன் 15

லக்ஸ்டம்ப் வந்தது, முதலாளியின் கடவுச்சொல்லும் ஏற்றது, உள்ளே ஈஎக்ஸ்டி4. அருமை தம்பி.

பிஎல்கேஐடி இன்னும் குழம்புவது எதிர்பார்த்ததே. முன்னால் லக்ஸ், வட்டின் கடைசி 33 செக்டாரில் ஜிபிடியின் மாற்றுப் பிரதி இன்னும் இருக்கிறது. அதைச் சுத்தம் செய்ய மெனக்கெடாதே, கோப்புகளை வேறு வட்டுக்கு எடுத்துக்கொள். அந்தக் கடைசி 33 செக்டாரில் ஏதாவது போட்டோவின் நுனி இருந்திருந்தால் மட்டும் அது கெட்டிருக்கும்.

புது வட்டில் முழு வட்டுக்கு நேராக லக்ஸ் போட வேண்டாம். ஜிபிடி போட்டு, ஒரு பார்டிஷன், ஜிடிஸ்கில் வகை 8309, அதற்குள் லக்ஸ்2. அட்டவணை இருந்தால் விண்டோஸ் இனிஷியலைஸ் கேட்காது. லக்ஸ்ஹெட்டர்பேக்கப் எடுத்து, அதை இந்த வட்டிலேயே வைக்காமல் வேறு இடத்தில் வை. நவம்பர் வட்டை இன்னும் அழிக்காதே, புதியதில் எந்த ஆல்பமாவது திறக்காவிட்டால் நவம்பர் வரையிலானது அதில் இருக்கிறது.